முப்பத்தோராம் வீட்டில் நின்ற சுற்று

1

இந்தக் கதை ஒரே ஒரு வரி கிளப்பிய எரிச்சலில் பிறந்தது. எங்கள் தெரு இதிரின் தீர்மானப் புத்தகத்தில் செயலாளர் தன் முத்தான கையெழுத்தில் எழுதி வைத்த வரி: "இணையப் பக்கத்தில் இருந்த பிழை சரிசெய்யப்பட்டது." ஐந்தே சொல். தெரு இரண்டாகப் பிளக்கப் பார்த்தது, கணவனைப் புதைத்த ஒருத்தி நாற்பது நாள் முடியுமுன் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்தாள், இன்னொருத்தி தப்பிக்க வழி இருந்தும் தப்பிக்காமல் எழுந்து நின்றாள். இத்தனையையும் ஐந்து சொல்லில் அடக்க செயலாளருக்குத்தான் வரும். எனக்கு வராது. என்னைத் தெருவில் 'ரேடியோ' என்பார்கள். (முதுகுக்குப் பின்னால்தான். ஆனால் எனக்குக் காது முதுகிலும் உண்டு.)

இதிர் என்றால் சாவுக்குக் கூடும் தெருச் சங்கம். பந்தல், பெஞ்சுகள், ஆள் உட்காரும் அளவுப் பானைகள் எல்லாம் சங்கத்துச் சொத்து. ஒரு வீட்டில் ஆள் போனால் மற்ற வீடுகள் எல்லாம் வந்து நிற்க வேண்டும். எங்களுடையது தொண்ணூற்று நான்கு வீடு. அடிஸ் அபாபாவில் இதிர் இல்லாத தெரு ஒன்று உண்டென்றால், அது நான் எட்டிப் பார்க்காத தெருவாகத்தான் இருக்கும்.

2

ஆரம்பம் சரியாக வரவில்லை. எழுதிப் பார்த்தவற்றை ஒளிக்காமல் காட்டுகிறேன்.

'மென்பெரே கணினித் திரையை உற்று நோக்கினாள். அவள் கண்களில் ஒரு—'

இல்லை. அவள் திரையைப் பார்ப்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பருப்பில் கல் பொறுக்குகிறவள் முகம்தான். கண்களில் ஒன்றும் இல்லை.

'சிமெலிஸ் இறந்த அன்று வானமே—'

வானம் அன்று சும்மாதான் இருந்தது. துணி நன்றாகக் காய்ந்தது.

'லூப் என்பது யாதெனில், ஒரு பட்டியலை முதல் ஆளிலிருந்து கடைசி ஆள் வரை எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் ஆளுக்கும் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும்படி கணினிக்கு இடும் கட்டளை.'

இது நல்ல வாக்கியம். ஆனால் என்னுடையது இல்லை. மென்பெரே சொன்னது, 'யாதெனில்' மட்டும் நான் போட்டது. இருக்கட்டும், பின்னால் உதவும்.

3

மென்பெரே எங்கள் தெருவின் கடைசி வீடு, எண் தொண்ணூற்று நான்கு. வயது முப்பத்தாறு. வார்டு அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவள், அங்கே ஆள் குறைத்தபோது வீட்டுக்கு வந்து போனிலேயே பாடம் பார்த்து இணையப் பக்கம் செய்யக் கற்றுக்கொண்டாள். இப்போது ஒரு பல் டாக்டருக்கும் இரண்டு செருப்புக் கடைக்கும் பக்கம் நடத்துகிறாள். கணவன் அஸ்ஃபாவ், ஜிபூத்தி சாலையில் லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் இருபது நாள் அவன் சாலையில், இவள் திரையில்.

கதைக்கு இவள் ஆவாளா என்று எனக்குச் சந்தேகம். ரொம்ப நல்லவளாக இருக்கிறாள். யோசித்து யோசித்து ஒரு குறை கண்டுபிடித்தேன்: காப்பிக்குக் கூப்பிட்டால் இரண்டாம் சுற்றோடு எழுந்து விடுவாள். மூன்று சுற்றும் குடிக்காமல் எழுவது எங்களுக்குள் எவ்வளவு பெரிய அவமரியாதை என்பது அவளுக்குத் தெரியும். "வேலை இருக்கு எத்தியே" என்பாள். எத்தியே என்றால் அக்கா. சொல்லில் ஒன்றும் குறைவைக்க மாட்டாள். மூன்றாம் சுற்றில்தான் நல்ல செய்திகள் வெளியே வரும் என்பதால் எனக்கு அவள்மேல் ஒரு வருத்தம்.

இதிருக்கு அவள் ஒரு பக்கம் செய்து தரும்வரை சாவுச் செய்தி சொல்வது காஷே திகாபுவின் வேலை. காஷே என்பது பெரியவர்களுக்கு நாங்கள் வைக்கும் மரியாதை. திகாபுவுக்கு அது கொஞ்சம் அதிகம். விடியற்காலையில் தகரக் கொம்பை ஊதிக்கொண்டு வீடு வீடாகப் போவார். போன வருஷக் கூட்டத்தில் அவரே எழுந்து கொம்பை மேசைமேல் வைத்தார்.

"மென்பெரே ஏதோ பக்கம் செய்யறேங்கிறா. அவகிட்ட விடுங்க. எனக்கு முட்டி போச்சு. நான் கடைசி வீட்டுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள நாப்பதாம் நாள் சாப்பாடே வந்துடும்."

தலைவர் வொர்க்குனே, சுங்கத்துறையில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர், எதையும் மூன்று முறை பார்க்காமல் விடமாட்டார். மூன்று முறை சோதித்துக் காட்டினால் ஒப்புக்கொள்கிறேன் என்றார்.

பக்கத்தின் வேலை இதுதான். தலைவர் தன் போனில் சாவு வீட்டின் எண்ணைப் போட்டுப் பொத்தானை அழுத்துவார். கணினி ஒன்றாம் வீட்டில் தொடங்கி ஒவ்வொரு வீடாகப் போகும். செய்தி அனுப்பும், கூடவே வேலையும் பிரித்துக் கொடுக்கும். இன்ன வீடுகள் பந்தல், இன்ன வீடுகள் பெஞ்சு, இன்ன வீடுகள் பானையும் சமையலும். சாவு வீட்டுக்கு மட்டும் செய்தி போகக் கூடாது. இழந்தவளுக்கே "உங்கள் தெருவில் ஒரு இழப்பு" என்று போனால் நன்றாகவா இருக்கும்?

சோதனைக்கு ஒரு சாவு வீடு வேண்டும். அவள் தன் வீட்டு எண்ணைப் போட்டாள். தொண்ணூற்று நான்கு.

முதல் சோதனையின்போது நான் சல்லடை கடன் வாங்க அங்கே போயிருந்தேன். (இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. இது கதைக்குத் தேவைப்படும்.) எண்ணைத் தட்டுமுன் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். மற்ற தொண்ணூற்று மூன்று வீட்டிலும் போன் ஒலித்தது: 'இது சோதனை.' உடனே அவள் அஸ்ஃபாவைக் கூப்பிட்டு, லாரிக்கு டீசல் போட்டாயா என்று சம்பந்தமில்லாமல் கேட்டாள். குரல் கேட்டதும் வைத்துவிட்டாள். மூன்று சோதனை, மூன்று சிலுவை, மூன்று டீசல். மூன்றும் ஒரு வீடு விடாமல் போய்ச் சேர்ந்தன. தலைவர் தலையாட்டினார். கொம்பைத் திகாபு ஆணியில் மாட்டினார்.

5

(நான்கு எங்கே என்று தேடுகிறீர்களா? தாண்டிவிட்டேன். வருவேன்.)

ஒரு புதன்கிழமை காலை ஒரு மணிக்கு சிமெலிஸ் இறந்தார். (நாங்கள் விடியலிலிருந்து மணி எண்ணுகிறவர்கள், வெயில் அப்போதுதான் தெருவுக்கு இறங்கியிருந்தது.) நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். மனைவி அத்செதே. வீட்டு எண் முப்பத்தொன்று, ஓடைப் பாலத்துக்கு முன்னால் மேல்பக்கத்தின் கடைசி வீடு. பாலத்தைத் தாண்டினால் முப்பத்திரண்டு தொடங்கிக் கீழ்ப்பக்கம்.

தலைவர் பொத்தானை அழுத்தினார். திரையில் 'முடிந்தது' என்று வந்தது. ஒரு மணி நேரத்தில் மேல்பக்கத்து முப்பது வீடும் வந்துவிட்டன. பந்தல் எழுந்தது, பெஞ்சு வந்தது. பானை வரவில்லை. பானையும் சமையலும் கீழ்ப்பக்கத்துக்குப் போட்டிருந்தது. நேரம் போகப் போக கோஜாமிலிருந்து உறவுக்காரர்கள் பேருந்து பேருந்தாக வந்து இறங்கினார்கள். அழுது முடித்துத் தலை நிமிர்ந்தால் ஒரு துண்டு இன்ஜெரா அப்பம் கிடையாது, அடுப்பில் நெருப்புக் கிடையாது, பாதிப் பந்தல் காலி. நாற்பது வருஷம் ஊரையெல்லாம் ஏற்றி இறக்கிய மனிதருக்குப் பாதிப் பந்தல். அத்செதே அந்தக் காலி பெஞ்சுகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்புறம் அந்தப் பேச்சு கிளம்பியது. மழைக்காலத்தில் பொதுக் குழாய் விஷயமாக மேல்பக்கத்துக்கும் கீழ்ப்பக்கத்துக்கும் நடந்த சண்டை எல்லோருக்கும் நினைவிருந்தது. அத்செதே அப்போது இரண்டு வார்த்தை கூடப் பேசியிருந்தாள். அதனால்தான் கீழ்ப்பக்கத்தார் வரவில்லை, வேண்டுமென்றே வரவில்லை. கீழ்ப்பக்கத்திலிருந்து ஒரே ஒருத்தி மட்டும் காலையிலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். அவளைக் கேட்டார்கள். தனக்குச் செய்தி வந்ததாகச் சொன்னாள். ஆக மற்றவர்களுக்கும் வந்திருக்கும். ஆக திமிர்.

பிற்பகலில் விஷயம் காதில் விழுந்து கீழ்ப்பக்கத்தார் ஓடி வந்தார்கள். செய்தியே வரவில்லை என்றார்கள். யாரும் நம்பவில்லை. பெஞ்சில் ஒருவரும் நகர்ந்து இடம் விடவில்லை. காஷே திகாபு, ஐம்பத்தெட்டாம் வீடு, சிமெலிஸோடு சீட்டாடியே கிழவரானவர், முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்து அத்செதேயின் முன்னால் நின்றார்.

"எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா எனக்கு யாரும் சொல்லல."

அத்செதே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த மனிதர் அழுததை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

மென்பெரேயும் அந்தக் கூட்டத்தோடுதான் வந்தாள். பந்தலின் எல்லையில் வெயிலில் நின்றாள். அவளை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இந்தக் கதையில் முக்கியம்; கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பக்கம் மூன்று முறை சோதிக்கப்பட்டது, தலைவர் திரையில் 'முடிந்தது' என்று பார்த்தார், ஒருத்தி சாட்சி சொன்னாள். மென்பெரே வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இன்றைக்கும் அவள் நல்ல பெயரோடுதான் இருந்திருப்பாள்.

6

மூன்று நாள் துக்கம் முடிந்த மறுநாள் சல்லடையோடு அவள் வீட்டுக்குப் போனேன். சல்லடை ஒரு சாக்கு, திரும்பும்போது அதுவும் என்னோடே வந்துவிட்டது. அவள் தூங்கியிருக்கவில்லை. ஒரு தாளில் யார் யார் நேரத்துக்கு வந்தார்கள் என்று எழுதி வைத்திருந்தாள். ஒன்று முதல் முப்பது வரை வரிசையாக டிக். அதற்கப்புறம் எல்லாம் காலி, ஒரு வீட்டைத் தவிர.

"முப்பத்தொண்ணுல நின்னுபோச்சுன்னு வெச்சா எல்லாம் சரியா வருது எத்தியே. இந்த ஒரு வீடு மட்டும் இடிக்குது. நின்னிருந்தா இவங்களுக்கு எப்படிச் செய்தி போச்சு?"

தாளில் அவள் விரல் வைத்திருந்த எண் முப்பத்திரண்டு. என் வீடு.

"உங்க போனைக் கொஞ்சம் காட்டுங்க. எத்தனை மணிக்கு வந்துச்சுன்னு பாக்கணும்."

(இங்கே ஒரு வாக்கியம் எழுதினேன்: 'போனில் சார்ஜ் இல்லை என்று சொல்லிவிட்டு நான்—' அப்படிச் சொல்லத்தான் வாய் வந்தது. அடித்துவிட்டேன்.)

4

தாண்டியதற்குத் திரும்பி வந்திருக்கிறேன்.

புதன்கிழமை காலை பாலத்துக்கு அந்தப் பக்கம் அத்செதே வீறிட்டது என் சமையலறையில் கேட்டது. எனக்குத் தெரிந்துவிட்டது. ஷாலை எடுத்துக்கொண்டு போனைப் பார்த்தேன். செய்தி இல்லை. காத்திருந்தேன். தலைவர் மனைவி பந்தல் கம்போடு போகிறாள். எனக்குச் செய்தி இல்லை. இந்தத் தெருவில் யாருக்கு வயிற்றுவலி என்று அந்த வயிற்றுக்கு முன்னால் எனக்குத் தெரியும். என்னை விட்டுவிட்டார்கள்; வேண்டுமென்றே என்னை மட்டும் விட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். கீழ்ப்பக்கம் முழுவதும் விடுபட்டிருக்கும் என்று தோன்றவே இல்லை. என்னைத் தாண்டி எனக்கு எண்ணத் தெரியவில்லை.

பந்தலில் போய் உட்கார்ந்தேன். தலைவர் மனைவி கேட்டாள்: "ஸெனெபெச், உனக்குச் செய்தி வந்துச்சா?" ரேடியோவுக்குச் செய்தி வரவில்லை என்று ரேடியோவே எப்படிச் சொல்லும்? வந்தது என்றேன். அப்படியானால் உங்கள் பக்கத்தார் ஏன் வரவில்லை என்றாள். எனக்கென்ன தெரியும், அந்தக் குழாய்ச் சண்டை இன்னும் ஆறவில்லையோ என்னவோ என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அதற்கப்புறம் அது தானாக நடந்தது.

6 (மீதி)

போனைக் காட்டினேன். வரவில்லை என்றேன்.

அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. திரைப்பக்கம் திரும்பினாள். ஒரு காப்பி ஆறுவதற்குள் கண்டுபிடித்துவிட்டாள்.

ஒரே ஒரு சொல். 'இது சாவு வீடா? அப்படியானால்' என்ற இடத்தில் 'பிரேக்' என்று போட்டிருந்தாள். பிரேக் போட்டால் சுற்று அங்கேயே செத்துவிடும். அடுத்த வீடு என்று ஒன்று இருப்பதே கணினிக்குத் தெரியாது. போட வேண்டியது 'கன்டின்யூ'. இந்த ஒரு வீட்டை மட்டும் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போ என்பது அது. முப்பத்தோராம் வீட்டில் கணினி மரியாதையாக நின்றுவிட்டது. நின்றபின் வேலை முடிந்ததென்று தலைவரிடம் சொல்லியும் விட்டது.

அப்படியானால் மூன்று சோதனையும் எப்படிச் சரியாக வந்தது என்று கேட்டேன். அவள் சிரித்தாள், சிரிப்பில் பாதி அழுகை.

"தொண்ணூத்தி நாலுல நின்னா என்ன, தாண்டினா என்ன? அதுக்கப்புறம் வீடே இல்லையே."

நான் சொன்னேன், பிழைக்கத் தெரிந்தவளாக: "இப்ப யாரு உன்னைக் கேட்டா? கம்முனு அந்தச் சொல்ல மாத்திட்டுப் போ. வொர்க்குனேவே முடிஞ்சதுன்னுதான் பாத்தாரு."

"அப்ப காஷே திகாபு காலத்துக்கும் பொய்யன்னே இருக்கட்டுமா?"

அவள் இதை என்னைக் குத்தச் சொல்லவில்லை. குத்தியது.

7

ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து, இதிர் கொட்டகையில் கூட்டம். வீட்டுக்கு ஒருவர் வந்தாக வேண்டும்; அன்று ஒருவர் விடாமல் வந்திருந்தார்கள். நடுவில் வழி விட்டு மேல்பக்கம் ஒருபுறம், கீழ்ப்பக்கம் மறுபுறம். அத்செதே கறுப்புத் துணியில் வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். இதிரை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்று மேல்பக்கத்திலிருந்து ஒரு தாள் தயாராக இருந்தது. தலைவர் அதைப் படிக்கக் கண்ணாடியைத் துடைத்தார்.

மென்பெரே எழுந்தாள். தப்பு தன்னுடையது, கீழ்ப்பக்கத்தில் ஒரு வீட்டுக்கும் செய்தி போகவில்லை என்றாள். பிரேக், கன்டின்யூ என்று ஆரம்பித்தவள் முகங்களைப் பார்த்தாள். நிறுத்திவிட்டுக் கூட்டத்துக்குக் கொண்டுவந்திருந்த காப்பித் தட்டைக் கையில் எடுத்தாள்.

"நான் காப்பி குடுத்துக்கிட்டே வரேன். ஒருத்தர் எனக்கு வேண்டாம்ங்கிறார். நீங்க என்ன செய்வீங்க? அவரை விட்டுட்டு அடுத்தவருக்கு நீட்டுவீங்க. நான் கணினிகிட்ட என்ன சொல்லியிருக்கேன் தெரியுமா? ஒருத்தர் வேண்டாம்னா தட்டைக் கீழ வெச்சிட்டு வீட்டுக்குப் போன்னு."

கொட்டகையில் ஒரு சத்தம் எழுந்தது. சிரிப்பும் இல்லை, பெருமூச்சும் இல்லை. தொண்ணூறு பேருக்கு ஒரே நேரத்தில் ஒன்று புரிந்தால் எழும் சத்தம். கணினியைக் கண்டால் பயப்படும் எங்கள் தெரு அந்த நிமிஷத்தில் ஒரு லூப் எப்படி ஓடும், எப்படி நிற்கும் என்று கற்றுக்கொண்டது. பெரிய கட்டடங்களில் காசு வாங்கிக்கொண்டு சொல்லித் தருகிறவர்கள் இவ்வளவு சீக்கிரம் புரியவைப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்.

தலைவர் மட்டும் விடவில்லை. "முப்பத்திரண்டுக்குப் போச்சாமே?"

மென்பெரே என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. தட்டைப் பிடித்தபடி தரையைப் பார்த்தாள். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

எழுந்தேன். "போகல. நான் சொன்னது பொய்."

அதன்பின் எனக்குக் கிடைத்த வசவுகளை எழுதப் போவதில்லை. எல்லாம் நியாயமானவை; இரண்டு மட்டும் கொஞ்சம் நீளம். அத்செதே எழுந்து நடு வழியைக் கடந்து, கீழ்ப்பக்கத்துப் பெஞ்சில், காஷே திகாபுவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவர் நகர்ந்து இடம் விட்டார். தலைவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

8

பக்கம் வேண்டுமா வேண்டாமா என்பதுதான் மிச்சம். கொம்பைத் திரும்ப எடு என்றார்கள் சிலர். திகாபு தன் முட்டியைக் காட்டினார். தலைவர் சொன்னார்: இங்கேயே, இப்போதே சோதித்துக் காட்டு; சரியாக வந்தால் இருக்கட்டும். அவள் தன் வீட்டைப் போட்டுச் சோதித்தால் ஒன்றும் தெரியாது, நடுவில் ஒரு வீடு வேண்டும் என்றாள்.

"முன்னாடியே நடுவுல ஒண்ணைப் போட்டுப் பாத்திருக்க வேண்டியதுதானே?" என்றார் தலைவர்.

"யார் வீட்டைச் சாவு வீடுன்னு எழுத, காஷே? உங்க வீட்டை எழுதட்டுமா?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றி மறுபடியும் துடைத்தார். கொட்டகை சிரித்தது. சிரித்து முடித்தபின், அவள் ஏன் தன் வீட்டை மட்டும், ஜிபூத்தி சாலையில் கணவனை வைத்துக்கொண்டு, மூன்று முறை எழுதினாள் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. வேறு ஊர்க்காரியாக இருந்தால் ஏதோ ஓர் எண்ணைத் தட்டி அன்றைக்கே பிழையைப் பிடித்திருப்பாள். எங்கள் தெருக்காரியால் முடியவில்லை. இப்படி ஒரு தப்பைச் செய்ய ஒருத்தி எங்கள் தெருவில் இருக்கிறாள் என்பதில் எனக்குக் கர்வம்தான், எழுதி வைக்கிறேன்.

இனி முடிவு. மூன்று வைத்திருக்கிறேன்.

ஒன்றில் அத்செதே சொல்கிறாள்: "முப்பத்தொண்ணையே போடு. சாவுக்கு ஏற்கெனவே வழி தெரிஞ்ச வீடு."

ஒன்றில் காஷே திகாபு: "அம்பத்தெட்டு. நான் போனா யார் யார் வராங்கன்னு உயிரோட இருக்கறப்பவே பாத்துக்கறேன்."

ஒன்றில், கடைசி வரிசையில், இத்தனை பேச்சையும் கிளப்பிவிட்ட ஒருத்தி கை தூக்குகிறாள். அவள் எண்ணை நீங்கள் அறிவீர்கள்.

மூன்று கையும் எழுந்தன என்பது மட்டும் நிஜம். மென்பெரே ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்தாள். சிலுவைக் குறி போட்டாள். அழுத்தினாள்.

முதலில் முன்வரிசையில் ஒன்று. அப்புறம் மேல்பக்கம் முழுக்க. ஒரு நொடி நின்றாற்போல் இருந்தது. பிறகு பாலத்தைத் தாண்டியது. கீழ்ப்பக்கம் ஒவ்வொன்றாக, பாட்டும் மணியும் சேவல் கூவலுமாக, கடைசி பெஞ்சு வரை. தொண்ணூற்று மூன்று போன்கள். மென்பெரேயின் கையிலிருந்த தொண்ணூற்று நான்காம் வீட்டுப் போன்தான் கடைசியாக ஒலித்தது. அதற்குச் செய்தி வருவது அதுதான் முதல் தடவை. அதை அவள் எடுத்துப் பார்த்த விதத்தை விவரிக்க ஆரம்பித்தால் 'அவள் கண்களில் ஒரு' என்று திரும்ப எழுத வேண்டி வரும்.

கொட்டகையில் ஒரே ஒரு போன் ஒலிக்கவில்லை. யாருடையது என்று செயலாளர் எழுதவில்லை. நானும் எழுதமாட்டேன், வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு செய்தியை எனக்குள் வைத்துக்கொள்கிறேன், அதன் சுகம் தனி. அந்த வீட்டில் எல்லோரும் நலம். அன்று மென்பெரே மூன்றாம் சுற்றுக்கும் இருந்தாள்.

இந்த முடிவை உங்களிடம் விடுகிறேன். கூட்டத்தில் நீங்களும் ஒரு பெஞ்சில் இருந்தீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் திரும்பி உங்களைப் பார்க்கிறாள். இடம் விட்டிருக்கிறேன், நிதானமாக நிரப்புங்கள்.

சோதனைக்கான வீட்டு எண்: ________